பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டில் சந்தகைதான். அது இடியாப்பம் அன்று

கேக் வெட்டுவதைத் தவிரப் பிறந்தநாளுக்கென்று உங்கள் குடும்பத்தில் வழக்கமோ விருப்பமான உணவோ உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபமும் சமையல்காரரும் தேடிக்கொண்டிருப்பவர் போலத் தெரிகிறது. அப்படியானால் என் அனுபவம் உங்களுக்குப் பயன்படக்கூடும்.

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதியை யாரும் பிறந்தநாளாகக் கொண்டாடியதில்லை. தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு. அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பாரியூர்க் கொண்டத்துக் காளியம்மனைக் கும்பிட்டு வந்தால், வீட்டில் சந்தகை தயாராக இருக்கும்; அரிசியை நூல்நூலாக அச்சில் பிழிந்து செய்யும் கொங்குநாட்டு உணவு அது. கொங்கு வீடுகள் எல்லாவற்றிலும் இதுவே வழக்கம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பிட்டு (போளி) சுடும் வீடுகளும் நாட்டுக்கோழி அடிக்கும் வீடுகளும் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் என் நட்சத்திரமான அஸ்தம் ஆனி மாதத்தில் இருமுறை வந்தது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் கடக்க 27 நாள்களும் சில மணி நேரமுமே ஆகும். ஆனிக்கோ 31 அல்லது 32 நாள்கள் என்பதால், மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் முடிவிலும் வந்துவிடும். அம்மா முதல் அஸ்தத்தன்றே புழுங்கலரிசியை ஊறவைத்து, நைய ஆட்டி, இட்லியாக வேகவைத்து இறக்கிய பிறகுதான், அப்பத்தா நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "பின்னால வர்றதுதான் அம்மிணி கணக்கு" என்றார். வெந்ததை வீணாக்க முடியாது என்பதால் அன்றும் பிழிந்தார்கள். மாதக் கடைசியில் மறுபடியும் பிழிந்தார்கள். ஓர் ஆண்டில் இரண்டு பிறந்தநாள் கண்ட பெருமையை நான் வகுப்பில் ஒரு மாதம் பேசித் தீர்த்தேன்.

எங்கள் வீட்டு ஆண்கள் அடுக்களைக்குள் வந்து செய்த ஒரே வேலை சந்தகை பிழிவதுதான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெந்த இட்லி ஆறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும். ஆறினால் இறுகிக்கொண்டு அச்சில் இறங்காது. அம்மா சுடச்சுட எடுத்துப் போட, அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துவார். முதலில் இறங்கும் சந்தகை பிறந்தநாள்காரருக்கு. அதன்மேல் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்த தேங்காய்ப்பால். மற்றவர்களுக்கு எலுமிச்சைச் சந்தகை, புளிச் சந்தகை எல்லாம் பிறகுதான்.

இத்தனையும் பார்த்து வளர்ந்த நான், என் மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கோயம்புத்தூரில் மண்டபம் பிடித்து, சமையல்காரரிடம் சந்தகை வேண்டும் என்று இருமுறை சொல்லி முன்பணமும் கொடுத்தேன். பந்தியில் வந்தது இடியாப்பம். பக்கத்தில் "கொங்குச் சந்தகை" என்று அழகாக எழுதிய அட்டை வேறு. அம்மா ஒரு வாய் உண்டுவிட்டு, "மாவப் புழிஞ்சு அப்புறம் வேக வெச்சிருக்காங்க கண்ணு" என்று என் காதோடு சொன்னார். விவகாரம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது: இடியாப்பத்தைப் பிழிந்து வேகவைப்பார்கள், சந்தகையை வேகவைத்துப் பிழிவார்கள். சமையல்காரரிடம் கேட்டதற்கு, இரண்டும் ஒன்றுதானே என்றார். இதற்கெல்லாமா கோபம் என்று கருத்துப் பகுதியில் எழுத வருபவர்கள், பொங்கல் கேட்டுக் காசு கொடுத்து உப்புமா வாங்கிய பிறகு வந்து எழுதட்டும். கேக்கின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. அன்றைக்கு அதுவும் வெட்டினோம், நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு முதல் மண்டபத்தை விட்டுவிட்டு, அம்மாவிடமிருந்த அச்சை வாங்கி வந்து வீட்டிலேயே செய்கிறேன். பிழிவதற்கு என் கணவரை உட்கார வைத்தேன். அவருக்குச் சென்னை. அலைபேசி அழைத்ததென்று நடுவில் எழுந்து போனார். அவர் திரும்பி வருவதற்குள் இரண்டாவது ஈடு அச்சுக்குள் கல்லாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.