வீட்டில் போடும் பில்டர் காபி கடைக் காபி மாதிரி திடமாக வருவதில்லையே, என்ன செய்யலாம்?

பெரும்பாலான வீடுகளில் குறை பாலில் இல்லை, டிகாக்‌ஷனில்தான். அது தண்ணியாக இறங்கினால் நிறம் வரட்டும் என்று கூடுதலாக ஊற்றுவோம், பால் நீர்த்துவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல பால் வாங்கியும் பயனில்லை.

அதனால் முதலில் அளவைச் சரிசெய்யுங்கள். இரண்டு பேருக்கு 25 கிராம் தூள், 120 மில்லி தண்ணீர். "இவ்வளவு தூளா?" என்று தோன்றும். ஆனால் தூளே ஏறக்குறைய 50 மில்லி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கீழே 70 மில்லிதான் இறங்கும். ஆளுக்கு 35 மில்லி, அதற்கு மூன்று பங்கு பால். இந்தக் கணக்கில் போட்டால் காபி திடமாக இருக்கும். அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனை முதலாவதோடு கலக்கவே கலக்காதீர்கள்.

தூளைப் போட்டதும் பில்டரை லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, பிடி வைத்த அந்தத் துளைத்தட்டால் மென்மையாக அமுக்குங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்து இறக்கியதாக இருக்க வேண்டும். முதலில் தூள் நனையுமளவு மட்டும் ஊற்றி, அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றினால் எல்லாத் தூளும் ஒரே சீராக ஊறும். மூடிவிட்டு 15, 20 நிமிடம் விட்டுவிடுங்கள். இரண்டே நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பாக இருக்கிறது, அல்லது அமுக்கியது போதவில்லை.

சில நாள் சொட்டவே சொட்டாது. உடனே கரண்டியால் கிளறத் தோன்றும், கிளறினால் மண்டி கீழே வந்துவிடும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் டிகாக்‌ஷனைத் தடுத்து நிறுத்தும். மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தாலே சொட்ட ஆரம்பித்துவிடும். அப்படியும் இறங்காவிட்டால் துளைகள் அடைத்திருக்கும். கழுவிய பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எவர்சில்வர் பில்டர் என்றால் அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் சற்றுக் காட்டி, ஆறியதும் தட்டிக் கழுவினால் துளைகள் திறந்துகொள்ளும்.

தூள் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். காபி-சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க நம் சட்டத்திலேயே இடமுண்டு, கலந்த அளவையும் அச்சிட்டிருப்பார்கள். சிக்கரி நிறமும் கெட்டித்தன்மையும் தரும், ஆனால் காபி மணம் அதில் கிடையாது. எனக்குப் பிடித்தது 80க்கு 20. காபியைப் பாலில்லாமல் குடிப்பவருக்குச் சிக்கரி தேவையே இல்லை. பீபெரியா பிளாண்டேஷனா என்று கடையில் கேட்டால் குழம்ப வேண்டாம். பிளாண்டேஷன் என்பது பழத்துக்குள் இரண்டாக விளையும் வழக்கமான அராபிகா கொட்டை. இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டையாக உருண்டு விளைந்தது பீபெரி, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், எப்போது அரைத்தது என்பது. அரைத்துக் கொடுக்கும் கடை அருகில் இருந்தால் வாரத்துக்கு 200 கிராம் மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதச் சாமானோடு ஒரு கிலோ வாங்கி வைப்பதுபோல் காபிக்குக் கெடுதல் வேறில்லை.

பால் தண்ணீர் கலக்காததாக, அப்போதுதான் காய்ச்சியதாக இருக்கட்டும். திரும்பத் திரும்பச் சுடவைத்த பாலின் வாடை காபி மணத்தை அமுக்கிவிடும். உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரிலேயே டிகாக்‌ஷன் போடுங்கள். கடினநீரில் காபியின் இளம்புளிப்பு அடங்கி, ருசி சப்பென்று ஆகிவிடும்.

காலை அவசரத்துக்காக ராத்திரியே டிகாக்‌ஷன் போட்டு வைப்பவர்கள் உண்டு. காலையில் போடுவதுதான் மணம். முடியாவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடாக்குங்கள். நேரே அடுப்பில் வைத்தால் கொதித்துக் கசந்துவிடும்.