அடியில் ஒழுகும் சிங்க் டிஸ்போசலை மாற்றலாமா?
நியூஜெர்சி வீட்டில் 12 வருடப் பழைய டிஸ்போசல் (சிங்க் அடியில் உணவுக் கழிவை அரைக்கும் மெஷின்) ஒழுகுகிறது, மாற்றலாமா, கழற்றிவிட்டு வெறும் குழாய் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மெஷினை நன்றாகத் துடைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இடமாக ஒற்றிப் பாருங்கள். சிங்க்கோடு சேரும் மேல் வளையத்தில் ஈரம் என்றால் இறுக்கினாலோ, கசிவை அடைக்கும் பசையான பிளம்பர் புட்டியை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். அடியில், சிவப்பு ரீசெட் பட்டன் பக்கம் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. அதைப் பழுது பார்க்கச் செலவழிக்காதீர்கள், புதிதே வாங்குங்கள். செப்டிக் டேங்க் வீடு என்றால் மட்டும் கழற்றிவிடுவதே நல்லது.

மெஷினை சிங்க்கில் தாங்கும் பழைய மவுன்ட்டுக்குப் பொருந்துவதாக எடுத்தால் வேலை பாதியாகக் குறையும். கரண்ட் பிரேக்கரை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். டிஷ்வாஷர் இருந்தால், புது டிஸ்போசலில் டிஷ்வாஷர் குழாய் சேரும் துளையில் உள்ள பிளாஸ்டிக் அடைப்பைத் தட்டி எடுத்துவிடுங்கள். நான் அதை மறந்து, டிஷ்வாஷருக்குள் அழுக்குத் தண்ணீர் தேங்கி, எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். அப்புறம், சாதமும் முருங்கைக்காய்ச் சக்கையும் குப்பைக்கூடைக்கே போகட்டும்.