ராத்திரிக்கு என்ன வச்சிருக்கிய?

இந்தத் தடவ வந்த கேள்வில முக்காவாசி ராத்திரிச் சாப்பாடுதான். மத்தியானம் ஒரு கொழம்பு ஒரு பொரியல்னு எப்படியோ ஓடிருது, சாயங்காலம் ஆறு மணி ஆனா எல்லா வீட்லயும் ஒரே விசாரணை, மாவு இருக்கா இல்லையா. அதோட இன்னொன்னும் நிறைய பேர் எழுதிருக்காவ, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டு வாங்குன ரெசிபி நம்ம அடுப்புல வந்தா மட்டும் வேற மாதிரி ஆயிருதுன்னு. ரெண்டையும் சேத்தே பேசிருவோம்.

அக்கா, ஆபீஸ்ல நாங்க நாலு பேரு, வாரத்துக்கு ஒருத்தி ஒரு ராத்திரி ரெசிபி சொல்லணும்னு பேசி வச்சிருக்கோம். திருநெல்வேலி டவுன்காரி தேங்காப்பால் சொதி சொன்னா. அவ சொன்ன மாதிரியேதான் பண்ணேன், ஆனா பால் திரிஞ்சு தண்ணி தனியா திப்பி தனியா நின்னுச்சு. எதையும் சொல்லாம மறைச்சிட்டாளோ?
– பாளையங்கோட்டை வாசகி

மறைச்சிருக்க மாட்டாம்மா, சொல்லணும்னு தோணிருக்காது. சொதி எல்லாம் டவுன் பக்கம் சின்ன வயசுல இருந்து பாத்து வளந்த சமையல், கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடுன்னா சொதி இல்லாம இலை போட மாட்டாவ. அவளுக்கு என்னென்ன போடணும்னு சொல்லத் தெரியும், எப்ப அடுப்ப அணைக்கணும்ங்கறது கையில இருக்கு, வாயில வராது. உங்க கடுதாசில அடுப்ப எப்ப அணைச்சீங்கன்னு ஒரு வரி கூட இல்ல பாருங்க, அங்கதான் விஷயமே.

தேங்காப்பால் மூணு தடவ எடுக்கணும். பெரிய தேங்கா ஒண்ணு போதும், நாலு பேருக்குத் தாராளம். மொதப் பால் கெட்டியா ஒரு டம்ளர் தனியா வச்சிருங்க, அத இப்பத் தொடக் கூடாது. மூணாம் பாலுல காய வேகவைங்க, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முருங்கக்கா, முழுப் பூண்டு, சின்ன வெங்காயம். கத்தரிக்காயப் போட்டுராதீங்க, நிறம் போயிரும். இஞ்சி ஒரு விரல் நீளம், பச்ச மிளகா அஞ்சாறு, ரெண்டையும் அரச்சு அதுல விடுங்க, காரத்துக்கு இது மட்டும்தான், வத்தப் பொடி மஞ்சப்பொடி பக்கமே போகாதீங்க. காய் வெந்ததும் ரெண்டாம் பாலும், அரை டம்ளர் பாசிப்பருப்ப குழைய வேகவச்சு மசிச்சதும், உப்பும். இது கொதிக்கலாம். அப்புறம் தீயக் கொறச்சிட்டு மொதப் பால ஊத்தி கரண்டியால கிண்டிக்கிட்டே இருங்க, ஓரத்துல சின்னதா நொர கட்ட ஆரம்பிக்கும், பொங்கி நடுவுக்கு வர விடாம அந்த ஓரத்து நொரையிலயே அணைச்சிருங்க. கெட்டிப் பாலு நல்லாக் கொதிச்சா அதுல இருக்க கொழுப்பும் புரதமும் பிரிஞ்சு போயிரும், ஒங்களுக்கு நின்னது அதான். எலுமிச்சம்பழம் அடுப்புல இருக்கும்போது பிழியவே கூடாது, சூடும் புளிப்பும் சேந்தா எந்தப் பாலும் திரியும். இறக்கி வச்சு, நெய்யில கடுகு கருவேப்பிலை தாளிச்சுக் கொட்டி, சூடு கொஞ்சம் அடங்குன பொறவு அரை மூடி பிழிங்க. மறுபடி சூடு பண்ணணும்னா அந்தச் சட்டிய வெந்நிக்குள்ள எறக்கி வச்சிருங்க, நேரா தீயில வைக்காதீங்க.

மத்தியானம்னா சோறு, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். தேங்காப்பால் வயித்துக்குக் கனம், அதுக்குத்தான் இஞ்சி கூடவே வருது. ராத்திரின்னா ஆப்பமோ இடியாப்பமோ போதும், அதுவும் எட்டு மணிக்கு முன்னாடி சாப்ட்ருங்க.

எங்க வீட்டு அத்தானுக்கு ராத்திரி இட்லி தோசை தவிர எதுவும் எறங்காது. சட்னி அரச்சு அரச்சு எனக்குத்தான் வெறுத்துப் போச்சு. வேற என்ன தொட்டுக்க வைக்க?
– வள்ளியூர் வாசகி

புளிமிளகாய் வச்சுப் பாருங்க. காரம் கம்மியான பச்ச மிளகா இருபது, கீறிக்கிட்டு நல்லெண்ணெயில தோலு வெளுத்து சுருங்குற வரைக்கும் வதக்கி, கெட்டியா கரச்ச புளி, உப்பு, மஞ்சப்பொடி போட்டு, எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் வத்த விட்டு, கடைசில ஒரு துண்டு கருப்பட்டியோ வெல்லமோ, வறுத்துப் பொடிச்ச வெந்தயம் ஒரு சிட்டிகை. ஒரு வாரம் தாங்கும், ஈரக் கரண்டி போடாம இருந்தா. அடுத்த நாளு காணத் துவையல், காணம்னா கொள்ளுதான், வெறும் சட்டில காணத்த வாசம் வர வறுத்து வத்தல், பூண்டு, தேங்கா, புளி வச்சு கரகரன்னு அரைங்க. ரெண்டும் இருந்தா சட்னிக்கு லீவுதான். அத்தான் வேணும்னா அரைக்கட்டும்.

மதுரைல கட்டிக்குடுத்து வந்திருக்கேன். இங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு நம்மூர் உளுந்தஞ்சோறு பண்ணிக் காட்டணும்னு ஆசையா பண்ணேன், களி மாதிரி கொழகொழன்னு வந்திருச்சு. அவங்க மூஞ்சிய பாக்கணுமே. அளவு சொல்லுங்க.
– பிறந்த ஊர் சேரன்மகாதேவி

அளவு சொல்லுதேன், ஆனா கொழகொழப்புக்குக் காரணம் அளவு மட்டும் இல்ல, ஊற வச்சிருப்பிய. உளுந்த ஊற வைக்கவே கூடாது, ஊறுனா பசை விட்டுரும், இட்லிக்கு அரைக்கும்போது பொங்கி வருதுல்ல அதே பசை. தொலியோட இருக்க கருப்பு உளுந்து அரை டம்ளர், அரிசி ஒரு டம்ளர். வெறும் சட்டில உளுந்த வறுங்க, தொலி கருப்புங்கறதால நிறத்த வச்சு கண்டுபிடிக்க முடியாது, மூக்கத்தான் நம்பணும், வறுத்த வாசம் அடுப்படி தாண்டி வெளிய வரும் பாருங்க அப்ப நிறுத்திருங்க. தொலி கழண்டு போகுற மாதிரி தேச்சுக் கழுவிராதீங்க, ஒரு அலசு போதும்.

அரிசியும் உளுந்தும் சேந்து ஒண்ணரை டம்ளரா, அதுக்கு மூணே முக்கா டம்ளர் தண்ணி. உரிச்ச பூண்டு பத்துப் பன்னெண்டு, வெந்தயம் அரை ஸ்பூன், சீரகம், காயம், துருவுன தேங்கா ஒரு கை, உப்பு. குக்கர்ல நாலு விசில், பிரஷர் தானா அடங்கட்டும். சோறு உதிரியாவும் இருக்காது, களியாவும் இருக்காது, கரண்டில எடுத்தா லேசா ஒட்டி விழும். அரிசி என் கணக்குக்கு குண்டரிசிதான் நல்லா சேரும், அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1986ல வந்த அம்பை 16 இருக்கே, நம்ம பக்கம் இட்லிக்குப் போடுவோமே, அது மாதிரி. பொன்னி வகை வேண்டாம், இதுக்கு எடுபடாது.

தொட்டுக்க எள்ளுத் துவையலும் அவியலும். கவிச்சி சாப்பிடுற வீடுன்னா கருவாட்டுக் கொழம்பு, அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க. பெரிய மனுசி ஆன பிள்ளைகளுக்கு இடுப்புக்குப் பலம்னு நம்ம ஆச்சிமாரு உளுந்தங்களியும் இதுவும்தான் மாத்தி மாத்திக் குடுப்பாவ. பக்கத்து வீட்டு அக்காவ மறுபடி கூப்பிடுங்க, பதிலுக்கு அவுக வீட்டுக் கறிதோசைப் பக்குவத்தக் கேட்டு வாங்கிட்டு வாங்க, சும்மா விட்றாதீங்க.

சென்னைல மூணு பேரு ரூம் எடுத்து இருக்கோம் அக்கா. ஒருத்தன் தென்காசி, ஒருத்தன் சங்கரன்கோவில், நான் முக்கூடல். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து ஒரே குக்கர்ல முடியணும், ஆனா நம்மூர் சாப்பாடா இருக்கணும். கூட்டாஞ்சோறு பண்ணோம், பருப்பு மட்டும் கல்லு மாதிரி நின்னுச்சு.

தம்பி, புளிய மொதல்லயே ஊத்திருப்பீங்க. புளிப்பு சேந்துட்டா துவரம்பருப்பு அதுக்கப்புறம் வேகாது, எத்தன விசில் விட்டாலும் சரி. சாம்பாருக்கும் இதே கணக்குதான்.

அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், மஞ்சப்பொடி, நாலு டம்ளர் தண்ணி, குக்கர்ல ரெண்டு விசில், முக்காப் பதம் வெந்தா போதும். அது வேகுற நேரத்துல ஒருத்தன் காய் வெட்டட்டும், கத்தரிக்கா, முருங்கக்கா, வாழக்கா, சீனியவரைக்கா (கொத்தவரங்கா), மாங்கா கெடச்சா நாலு துண்டு. இன்னொருத்தன் தேங்கா, சீரகம், மிளகா வத்தல், சின்ன வெங்காயம் கொரகொரன்னு அரைக்கட்டும், மிக்சி இல்லாட்டி தட்டிப் போட்டாலும் பாதகமில்ல. குக்கரத் தொறந்து காயப் போட்டு மூடி விசில் போடாம வேகவிட்டு, காய் பாதி வெந்ததும் சின்ன எலுமிச்ச அளவு புளியக் கரச்சு ஊத்தி, அரச்சதையும் உப்பையும் சேத்துக் கிண்டிருங்க, அடி பிடிக்கும், பக்கத்துலயே நில்லுங்க, போன நோண்டிக்கிட்டு நிக்காதீங்க. முருங்கக்கீரை ஒரு கை கடைசில, போட்டு ரெண்டு கிண்டு, அவ்வளவுதான். வெங்காய வடகத்த நல்லெண்ணெயில பொரிச்சு கடுகு உளுந்தம்பருப்பு காயத்தோட மேல கொட்டுங்க. ஊருக்கு வரும்போது வடகமும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் கட்டிட்டுப் போங்க, சென்னைல காசு குடுத்தாலும் அந்த ருசி வராது, இது என் கட்சி.

மூணு ஊருக்காரன் ஒரே ரூம்ல இருக்கீங்க, மூணு அம்மாவுக்கும் போன் போட்டு கூட்டாஞ்சோறுக்கு என்ன காய் போடுவாவன்னு கேளுங்க, மூணும் மூணு மாதிரி வரும். ஒவ்வொரு வாரம் ஒரு அம்மா கணக்குல பண்ணுங்க, எதுக்கு வேற ரெசிபி தேடிக்கிட்டு.

என் சிநேகிதி ஒருத்தி இடிசாம்பார் அப்படி வைப்பா. ரெசிபி கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்லுதா, ஆனா ஒவ்வொரு தடவையும் ஒண்ண விட்டுட்டுச் சொல்லுதா. போன தடவ வெந்தயம், இந்தத் தடவ கடலப்பருப்பு. வேணும்னே பண்ணுதாளா?
– பேட்டை வாசகி

இருக்கலாம், அப்படியும் சில பேர் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா முக்காவாசி பேருக்கு அளவு தெரியாது, கை தெரியும். நீங்க போன்ல கேட்டா அவ மனசுல இருந்து எடுத்துச் சொல்லணும், அதுல ரெண்டு விட்டுப் போகும். அதனால போன் வேண்டாம், ஒரு சாயங்காலம் அவ வீட்டுக்குப் போயி ஒரு முறத்துல சின்ன வெங்காயத்தப் போட்டு உரிச்சுக் குடுத்துக்கிட்டே பக்கத்துல நில்லுங்க. மல்லிய எப்ப நிறுத்துதா, கடலப்பருப்பு செவக்குறதுக்கு எவ்வளவு நேரம் விடுதா, தேங்காய கடைசில போட்டு எத்தன பெரட்டுல எறக்குதா, இடிச்ச பொடிய காய் வெந்து புளி வாசம் போன பொறவா, முன்னாடியா, எப்பக் கொட்டுதா, கொட்டுன பொறவு எவ்வளவு நேரம் கொதிக்க விடுதா, இத மட்டும் பாருங்க. இடிசாம்பார்ல பொடி கடைசிலதான், கொட்டி ரெண்டு கொதி, அதுக்கு மேல கொதிச்சா அந்தப் புதுப் பொடி வாசம் ஆவியாப் போயிரும், பொறவு என்னத்துக்கு இடிச்சோம். இந்த மாதிரி நிறுத்துற எடத்த எந்த ரெசிபிலயும் எழுத மாட்டாவ.

போகும்போது வெறுங்கையோட போகாதீங்க. ஒங்க வீட்ல நல்லா வர்ற ஒண்ண ஒரு தூக்குவாளில கொண்டு போங்க. குடுத்தாத்தான் அவளும் தருவா.

ரெசிபி மாத்திக்கிற எங்க செட்ல ஒருத்தி வீட்ல வெங்காயம் பூண்டு கிடையாது, ஒருத்திக்கு மீனு இல்லாம சோறு எறங்காது, இன்னொருத்தி வீட்ல மாமியாருக்கு சுகர். இதுல எத மாத்திக்க?
– மேலப்பாளையம் வாசகி

அவியல் மூணு பேருக்கும் ஆகும், வெங்காயம் பூண்டு இல்லாமலே ருசி வரும். மீன்காரிக்கு அதே தேங்கா சீரகம் பச்ச மிளகா அரப்புல சாளை மீனப் போட்டு, மாங்கா சேத்து அவியலா வைக்கச் சொல்லுங்க, நாகர்கோவில் பக்கம் அப்படித்தான் வைப்பாவ. சுகர் இருக்கவுகளுக்கு உருளைக்கிழங்கு, சேனைய கொறச்சுக்கிட்டு இளவங்காய் (வெள்ளப் பூசணி), புடலங்கா, அவரைக்காயக் கூட்டிக்கச் சொல்லுங்க, சோத்துக்குப் பதிலா பாசிப்பயறு தோசையோட அவியல் நல்லாவே இருக்கும். கிழங்கு எவ்வளவு, சோறு எவ்வளவுங்கறத அவுக டாக்டர்ட்ட கேட்டுக்கிடட்டும், அது என் வேல இல்ல.

ராத்திரி கீரை சாப்பிடக் கூடாதுன்னு மாமியார் ஒரே பிடியா நிக்காவ. நெசமா?
– நாங்குநேரி வாசகி

வெளக்கு வெளிச்சத்துல கீரைல இருக்க புழு பூச்சி தெரியாதுங்கறது ஒரு காரணம், நார் அதிகம், செமிக்க நேரம் எடுக்கும்ங்கறது இன்னொண்ணு. மொதக் காரணம் இப்பக் கெடையாது, ரெண்டாவது ஆளப் பொறுத்தது. ஏழு மணிக்குச் சாப்பிட்டு பத்து மணிக்குப் படுக்குறவுகளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மாமியார்ட்ட இந்தப் பக்கத்த காட்டாதீங்க, மத்தியானமே வச்சிருங்க.

சிறுகிழங்கு தோலெடுக்க சுலப வழி?
– பாவூர்சத்திரம் வாசகர்

மார்கழி தையில கிழங்கு வந்துட்டா எல்லாரும் கேக்குறதுதான். அரை மணி நேரம் தண்ணில ஊறப் போட்டு, மண்ணு எளகுனதும் சணல் சாக்குக்குள்ள போட்டு வாயக் கட்டி, சொரசொரப்பான தரையில நல்லா உருட்டித் தேயுங்க, முக்காத் தோலு சாக்குலயே போயிரும். மிச்சத்த கத்தியால சொரண்டி உடனே தண்ணில போடணும், இல்லன்னா கறுத்துரும். ஒங்க கையும் கறுக்கும், வெறகு கரி பூசுன மாதிரி, புளித்தண்ணில கழுவுனா கொஞ்சம் போகும். வேகவச்சு, தேங்கா சீரகம் வத்தல் தட்டிப் போட்டு வதக்கி ரசஞ்சோத்துக்கு வைங்க. ஆம்பள ஆளு கேட்டிருக்கிய, தேச்சும் குடுப்பியன்னு நம்புதேன்.