வெறும் வயிற்றில் ஓடினால் கரைவது கொழுப்பா, தசையா?

கேள்வி: எனக்கு 36 வயது. பரந்தனில் இருக்கிறேன், கிளிநொச்சியில் அலுவலக வேலை. வயிறு வைத்துவிட்டதால் மூன்று மாதமாக விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ஒன்றும் சாப்பிடாமல், முக்கால் மணித்தியாலம் வேக நடையும் மெல்லோட்டமுமாகப் போய்வருகிறேன். 84 கிலோ இருந்தேன், இப்போது 78. ஆனால் வயிறு பெரிதாகக் குறையவில்லை, கையும் தொடையும்தான் மெலிந்துவிட்டன. பின்னேரம் ஒரே களைப்பு. காலையில் பத்து மணிக்குப் பால் தேநீரும் பணிஸும், மத்தியானம் கொஞ்சச் சோறும் மரக்கறியும், இரவில்தான் வடிவாகச் சாப்பிடுவேன். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு நேரே கரையும் என்று கனடாவில் இருக்கும் மச்சான் சொல்கிறார். ஜிம்முக்குப் போகும் நண்பன், தசைதான் கரையும் என்கிறான். எது சரி? சீனி வருத்தத்துக்குக் குளிசை போடும் அப்பாவும் போன கிழமையில் இருந்து என்னோடு நடக்க வருகிறார்.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்லவேண்டும். அப்பா என்ன குளிசை போடுகிறார் என்று இன்றைக்கே கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். மெட்போமின் மட்டும் என்றால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிக்ளாசைட், கிளிபென்கிளமைட் போன்றவையோ இன்சுலின் ஊசியோ இருந்தால், வெறும் வயிற்றோடு நடக்க அவரைக் கூட்டிப்போக வேண்டாம். இரவு முழுக்கச் சாப்பாடு இல்லை, மருந்து உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, நடக்கும் தசையும் இரத்தத்தில் இருக்கும் சீனியை இழுக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சீனி 70 mg/dLக்குக் கீழே போகக்கூடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் உடனே இருத்தி, மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் விடாமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். பிரஷருக்கு அற்றெனலோல் போடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமலே சீனி இறங்கிவிடும், அதையும் கவனியுங்கள். அப்பா பின்னேரம் ஏதாவது சாப்பிட்டபின் நடக்கலாம். செருப்போடு வேண்டாம், கால்மேசும் மூடிய சப்பாத்தும் போடட்டும்.

இனி உங்கள் விஷயம். மச்சான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விடியற்காலையில் இன்சுலின் குறைந்த அளவில் நிற்கும். ஈரலில் கிளைக்கோஜனாகச் சேமித்திருந்த சீனியின் பெரும்பகுதியை இரவில் மூளையும் மற்ற உறுப்புகளும் செலவழித்திருக்கும். அந்த நேரத்தில் நடந்தால் உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிக்கும் என்பது அளந்து கண்ட உண்மை. ஆனால் காலையில் கூடுதலாக எரித்த உடல், பகலில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். காலையில் சாப்பிட்டுவிட்டு நடந்தவர் பகலில் கூடுதலாக எரிக்கக்கூடும். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 இளம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை வெறும் வயிற்றிலும் மற்றதைச் சாப்பிட்டபின்னும் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு மணித்தியாலம் பயிற்சி செய்யவிட்டார்கள். இரு பிரிவுக்கும் கட்டுப்படுத்திய சாப்பாடு. நான்கு கிழமை முடிவில் இரண்டு பிரிவிலும் கொழுப்புக் குறைந்திருந்தது; இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் வேறு முடிவை எதிர்பார்க்கவும் முடியாது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி இருக்கிறது. உங்கள் முக்கால் மணித்தியால நடையில் செலவாவது 250, 300 அளவில்தான். பத்து மணிப் பால் தேநீரும் பணிஸும் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்.

நண்பன் பயப்படுகிற அளவுக்கு நடை தசையைக் கரைப்பதில்லை. இரவில் வற்றுவது ஈரலின் இருப்பு. தசைக்குள் இருக்கும் கிளைக்கோஜன் நித்திரையில் அவ்வளவாகக் குறையாது. அந்த இருப்பும் வற்றும் அளவுக்கு நெடுநேரம் கடுமையாக ஓடினால்தான் புரதத்தை எரிக்கும் பங்கு கூடும். நீங்கள் செய்வது அந்த ரகம் இல்லை.

அப்படியென்றால் உங்கள் தொடை ஏன் மெலிந்தது? நீங்கள் எழுதிய சாப்பாட்டைத் திரும்பப் படியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த நாள் இரவு வரை உங்கள் உடலுக்குப் புரதம் என்று சொல்லும்படி ஒன்றும் போகவில்லை. அதற்கு மேல் பாரம் தூக்கும் வேலையும் இல்லை. சாப்பாடு குறையும்போது, பயன்படுத்தாத தசையை உடல் வைத்திருக்காது. இறங்கிய ஆறு கிலோவில் ஒரு பங்கு தசையாகத்தான் இருக்கும். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. சாப்பிட்ட சீனியில் ஒரு பெரிய பங்கை உள்ளே எடுப்பது தசை. அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிற வீட்டில், 36 வயதில் தசையை இழந்து வயிற்றை வைத்திருப்பது அதே வருத்தத்துக்குப் போகிற வழி. தராசை விட்டுவிட்டு நாடாவால் இடுப்பை அளவெடுங்கள். எங்கள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும்.

வெறும் வயிற்றில் நடப்பது உடம்புக்கு ஒத்துவந்தால் நடவுங்கள், தலைச்சுற்று வந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அது உங்கள் விருப்பம். திரும்பி வந்து பத்து மணிவரை பட்டினி கிடப்பதைத்தான் நிறுத்தவேண்டும். குளித்துவிட்டு இரண்டு முட்டையும் ஒரு கோப்பை அவித்த கௌபியோ பயறோ கடலையோ சாப்பிட்டால் 25 கிராம் புரதத்துக்குக் கிட்டப் போகும். மத்தியானச் சோற்றோடு மீன் வேண்டும். குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) விலை குறைந்தது என்று தள்ளிவைக்கிறோம், புரதத்தில் அது பெரும்பாலான கடல் மீனுக்கு இளைத்ததில்லை. உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 90 கிராமில் இருந்து 120 கிராம் வரை நல்ல இலக்கு, அதையும் மூன்று நேரத்துக்குப் பிரித்து. கிழமையில் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தைக் குறைத்து, தண்டால் எடுங்கள், கையூன்றாமல் கதிரையில் இருந்து எழும்பித் திரும்ப இருங்கள், தண்ணீர்க் கான் தூக்கி நடவுங்கள். கடைசி நான்கைந்து தரம் கஷ்டப்படவேண்டும், அப்போதுதான் தசைக்கு வேலை. எடை கிழமைக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும். காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் இருக்கிறது. தொடக்கத்தில் அது எந்த நோவும் காட்டாது. ஆகவே வெறும் வயிறு என்பதற்காகத் தண்ணீரையும் விட்டுவிட்டு ஓடவேண்டாம், போகமுதல் இரண்டு கோப்பை குடியுங்கள். உடம்பு நோவுக்கு டைக்குளோபினக் வாங்கிப் போடும் பழக்கமும் வேண்டாம், அது சிறுநீரகத்தைத் தாக்கும். பெட்டியில் விற்கும் புரத மாவை வாங்கமுதல், ஏன் முட்டையையும் மீனையும் கூட்டமுதலே, இரத்தத்தில் கிரியட்டினினும் (சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவு) சிறுநீரில் புரதமும் ஒருதரம் சோதித்துவிடுங்கள். சாப்பிடமுதல் எடுக்கும் சீனிச் சோதனையையும் அதே நாளில் செய்யலாம். கிரியட்டினின் கூடியிருந்தால் நான் மேலே சொன்ன புரதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, அறிக்கையோடு நேரே வைத்தியரிடம் போங்கள்.