நாம எழுதுற கருத்த யாராச்சும் வாசிக்கிறாங்களா?

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன். இப்ப எல்லாத்துக்கும் ஒன்லைன்ல மக்கள் கருத்து கேக்குறாங்க, எழுதி அனுப்பினா "நன்றி"ன்னு ஒரு வரி வருது, அவ்வளவுதான். எங்க பிரதேச சபையும் பட்ஜெட்டுக்கு இப்படி ஒண்ணு செய்யப் போகுதாம், கம்ப்யூட்டர் படிச்சவன்னு என்னயும் கூப்பிட்டிருக்காங்க. எதுல கவனமா இருக்கணும்?

பதில்: போர்ம் செய்றது ஒரு நாள் வேல தம்பி, வந்தத வாசிச்சு பதில் போட ஆள் யாருன்னு மொதல்ல கேளுங்க. நானும் ஒரு அலுவலகத்துக்கு ரோட்டு விஷயமா எழுதினேன், சிங்களத்துல ஒரு ஆட்டோமேட்டிக் பதில் வந்துச்சு, அப்புறம் பேச்சே இல்ல, இன்னும் மனசு ஆறல. அதனால ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நம்பர் குடுங்க, கடைசில எத ஏத்துக்கிட்டாங்க, எத ஏன் முடியாதுன்னாங்கன்னு எல்லாரும் பாக்குற மாதிரி தமிழ்லயும் போடச் சொல்லுங்க.

2024 ஏப்ரல் 30ல நம்ம தோட்டத்து நாள் சம்பளத்த 1700 ரூவான்னு முன்மொழிஞ்சு அரசாங்க கெசட் வந்துச்சே, அதுலயும் ஆட்சேபனை எழுதி அனுப்பலாம்னு இருந்துச்சு. கம்பனிக்காரங்க அனுப்பினாங்க. கூடையோட மலைக்குப் போற எத்தன அம்மாமாருக்கு அப்படி ஒரு வழி இருக்குன்னு தெரியும்?

அதனால பெரிய பிடிஎஃப் ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டு கருத்து சொல்லுங்கன்னா நம்மாளுங்க சொல்ல மாட்டாங்க, ரோட்டுக்கு இவ்வளவு, லைட்டுக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் கீழ எழுத இடம் விடுங்க, தமிழ் டைப் பண்ணத் தெரியாதவங்க வொய்ஸ் அனுப்பட்டும். ஒரு வீட்டுக்கே ஒரு போன்தான் இருக்கும், ஒரு போன் நம்பருக்கு ஒரு கருத்துன்னு பூட்டிடாதீங்க. பேர் தோட்டத்து மேனேஜர் தொர காதுக்குப் போயிடுமோன்னு பயப்படுறவங்க நெறய, பேர மறைக்க வழி கட்டாயம் வேணும். சிக்னலே இல்லாத தோட்டத்து டிவிஷனுக்கு பேப்பர் குடுத்து, அதயும் அதே லிஸ்ட்ல சேத்துடுங்க.

இது சும்மா வேல இல்ல தம்பி, 2018ல பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவ திருத்தினதுக்கு அப்புறம் தோட்டத்துக்குள்ளயும் சபைக் காசு செலவழிக்கலாம், நம்ம லயத்து வரிசை வீட்டு ரோட்டப் பத்தி எழுதுறதுக்கு இப்பதான் அர்த்தம் இருக்கு.

அப்புறமும் பதில் வரலன்னா 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. "என் கருத்தோட நம்பர் இது, என்ன முடிவு எடுத்தீங்க"ன்னு சபையோட தகவல் அதிகாரிக்கு எழுதிக் குடுங்க, தகவல் தர்றாங்களா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள அவர் சொல்லியாகணும்.