பவர் ஸ்டீயரிங் முனகினால் பம்ப்பை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

காலையில் வண்டியை எடுத்ததும் ஸ்டீயரிங் முனகுகிறது, திருப்பவும் கனமாக இருக்கிறது, மெக்கானிக் பம்ப்பை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். உங்களுடையது ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா. (புது கார்கள் பலவற்றில் மோட்டார்தான், ஆயிலே கிடையாது.)

இன்ஜின் ஓடும்போது டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்திருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் ஆயில் அளவு குறைந்திருக்கும், அல்லது டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கும். இரண்டுமே சின்னச் செலவு.

ஆயில் தானாகக் குறையாது, கசிவுதான் காரணம். ஹோஸ் இணைப்புகளைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் ஸ்டீயரிங் ராக்கின் (முன்சக்கரங்களைத் திருப்பும் குறுக்குத் தண்டு அமைப்பு) இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ஆயிலை அடைக்கும் ராக் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கசிவைச் சரிசெய்த பின் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, இன்ஜினை அணைத்த நிலையில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். குமிழி அடங்கும்வரை ஆயிலை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

கையேட்டில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். தயவுசெய்து பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், சீல் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். ஸ்டீயரிங்கைக் கோடி வரை திருப்பிச் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்ப் சூடாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, பம்ப்பை ஓட்டும் பெல்ட்டும் சரியாக இருந்து, முனகல் நிற்கவில்லையென்றால் பம்ப்பை மாற்றலாம்.