கோட்டைத் தாண்டிய நிறம்: ‘பேட்மேன் ’66’ வாங்கியவரின் சந்தேகம்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பேட்மேன் என்றால் உயிர். இப்போது வருகிற பேட்மேன் கதைகள் இருட்டும் ரத்தமுமாக இருப்பதால், அறுபதுகளின் டிவி தொடரை வைத்து வந்த ‘பேட்மேன் ’66’ காமிக்ஸின் முதல் தொகுதியைப் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் முதல் கதையில் நிறமெல்லாம் கோட்டை விட்டு விலகியிருக்கிறது, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அடுத்த கதை வேறு மாதிரி இருக்கிறது. போலிப் பிரதியா? அந்தப் பழைய டிவி தொடரைப் பார்க்காமல் அவனுக்குக் கதை புரியுமா?

பதில்: கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நீங்கள் சொல்கிற ‘கோளாறு’ ஓவியர் வேண்டுமென்றே செய்தது.

அறுபதுகளில் அமெரிக்க காமிக்ஸ் மட்டமான நியூஸ்பிரிண்ட் தாளில்தான் அச்சாகும். மஞ்சள், மெஜந்தா, சயான் நீலம், கறுப்பு என நாலே மை, மைக்கு ஒன்றாக நாலு அச்சுத் தகடு (ப்ளேட்). தோல் நிறத்துக்கென்று தனி மை கிடையாது. புள்ளிகளைத் தூவித்தான் அந்த நிறத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரு ப்ளேட் மயிரிழை நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய சாமி காலண்டர்களில் நாம் பார்க்காததா? 2013-இல் இந்த காமிக்ஸ் தொடங்கியபோது, எதையும் துல்லியமாக அச்சடிக்கிற காலத்தில், முதல் இதழை வரைந்த ஜோனதன் கேஸ் அந்தப் புள்ளிகளையும் விலகலையும் வேலை மெனக்கெட்டு உள்ளே வைத்தார். 1966-இல் கையில் எடுத்த இதழ் போலத் தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம்.

அடுத்த கதை மாறித் தெரிவதற்குக் காரணம் ஓவியர் மாறியதுதான். பனிப்பாறையோடு பென்குவின் என்கிற வில்லன் வருகிற அந்த இரண்டாம் இதழ் டை டெம்பிள்டன் வரைந்தது. இரண்டையும் எழுதியவர் ஜெஃப் பார்க்கர்தான்.

இருந்தாலும் மனசு கேட்காது. ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய புள்ளி ஒன்றை உற்றுப் பார்த்தால், அதுவே பொடிப் பொடிப் புள்ளிகளால் ஆனது என்று தெரியும். பொடிப் புள்ளி இன்றைய ஆஃப்செட் அச்சு முறையுடையது, பெரிய புள்ளி ஓவியருடையது. அப்புறம் வசன பலூனுக்குள் இருக்கிற எழுத்தைப் பாருங்கள். கறுப்பு அழுத்தமாக, விளிம்பு கூராக இருந்தால் அசல் என்று நம்பலாம். ஸ்கேன் செய்து அடித்த பிரதியில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும், கறுப்பைச் சுற்றி வண்ணப் புள்ளி ஒட்டியிருக்கும். நிஜமாகவே ப்ளேட் நகர்ந்திருந்தால் அந்தப் பக்கம் முழுக்க ஒரே பக்கமாக, ஒரே அளவில் விலகியிருக்கும். பக்கத்தில் வேறு வண்ண எழுத்து இருந்தால் அதுவும் தப்பாது.

டிவி தொடர் விஷயத்துக்கு வருகிறேன். 1966 ஜனவரி 12-இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி 1968 மார்ச் வரை 120 அத்தியாயங்கள் ஓடியது. ஆடம் வெஸ்ட் பேட்மேன், பர்ட் வார்ட் ராபின். முதல் இரண்டு பருவங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வரும். பெரும்பாலும் முதல் நாள் இருவரும் ஏதாவது பொறியில் மாட்டிக்கொள்வார்கள், மறுநாள் தப்பிப்பார்கள். ஒரு வேடிக்கை: அதன் முதல் கதையே விடுகதை போடுகிற வில்லன் ரிட்லர் வரும் 1965 காமிக்ஸ் ஒன்றிலிருந்து எடுத்ததுதான். காமிக்ஸ் டிவிக்குப் போய், 47 வருஷம் கழித்து டிவியிலிருந்து காமிக்ஸுக்கே திரும்பி வந்திருக்கிறது.

தொடரைப் பார்க்காவிட்டாலும் கதை புரியும். ஆனால் அதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் நல்லது. 1966-இலேயே வந்த சினிமாவில் ஒரு காட்சி. எரிகிற குண்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பேட்மேன் துறைமுகத்தில் ஓடுகிறார். ஒரு பக்கம் கன்னியாஸ்திரீகள், ஒரு பக்கம் குழந்தை வண்டியோடு ஒரு தாய், தண்ணீரில் எறியலாம் என்றால் அங்கே வாத்துக் குஞ்சுகள். ஆடம் வெஸ்ட் முகத்தில் ஒரு துளி சிரிப்பு கிடையாது. பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், உங்கள் மகன் நகத்தைக் கடிப்பான். இரண்டுமே சரி. காமிக்ஸும் அந்த முகத்தை அப்படியே வைத்திருக்கிறது. என் கணக்கில் பார்க்கரின் பெரிய கெட்டிக்காரத்தனம் இதுதான்: பழைய தொடரைக் கிண்டல் செய்யக் கிடைத்த வாய்ப்பை அவர் தொடவே இல்லை. டிவிக்காரர்களிடம் இல்லாத காசைத்தான் செலவழித்தார். முதல் கதையிலேயே ரிட்லரோடு வானத்தில், விமானத்தில் சண்டை. ஸ்டுடியோவில் அதை எடுக்க முடியுமா?

ஒன்பது வயதுக்கு இடிக்கப்போவது வன்முறை அல்ல, ஆங்கிலம். ரிட்லரின் விடுகதைகள் எல்லாம் வார்த்தை விளையாட்டு. ராபின் வாயைத் திறந்தால் ‘ஹோலி’ போட்டு ஏதோ ஒன்று சொல்வான். அதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கப் பார்த்து நான் தோற்றிருக்கிறேன். முதல் இரண்டு கதைகளுக்காவது பக்கத்தில் உட்காருங்கள்.

டேப்லெட் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இந்த காமிக்ஸ் முதலில் வந்தது திரைக்காகத்தான், அச்சு அப்புறம். திரையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் அதே கட்டத்துக்குள் ஏதாவது மாறும், ‘பவ்’ என்று எழுத்து வெடிக்கும். அச்சில் அந்த அசைவு கிடையாது. ஆனால் நீங்கள் கேட்ட புள்ளியும் விலகலும் தாளில்தான் அழகு, அதனால் என் ஓட்டு புத்தகத்துக்கே.

அடுத்து வாங்கும்போது வரிசை பற்றிக் கவலைப்பட வேண்டாம், எதையும் எங்கிருந்தும் படிக்கலாம். மொத்தம் 30 இதழ்கள், ஐந்து தொகுதிகள். பையன் ஆர்ச்சி காமிக்ஸ் படிக்கிறவன் என்றால் 2018-இல் வந்த ஆர்ச்சி–பேட்மேன் ’66 சந்திப்பை அடுத்ததாகக் கொடுங்கள். எழுத்தாளர் ஹார்லன் எலிசனின் பழைய கதைக் குறிப்பை வைத்து 2014-இல் வந்த ‘லாஸ்ட் எபிசோட்’ உங்களுக்கு.

வாங்கும்போது புத்தகத்தின் முதுகில் இருக்கிற எண்ணைப் பாருங்கள். ‘பேட்மேன் ’89’ என்று இன்னொன்று இருக்கிறது. டிம் பர்ட்டன் படத்தின் தொடர்ச்சி அது, நீங்கள் தவிர்க்கப் பார்க்கிற அதே இருட்டு. அதை வரைந்த ஜோ கினோனஸ் ’66-இன் மூன்றாம் இதழிலும் வரைந்திருக்கிறார் என்பதால் அவர் பெயரை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள்.